ஏழாம் வகுப்பில் ‘வேண்டாம்’ சொல்லப் பழக்குவது எப்படி?

ஜூன் 26 வந்தால் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலைக் கூட்டத்தில் போதை ஒழிப்பு உறுதிமொழி, மண்டையோடு வரைந்த அட்டைகளோடு ஒரு பேரணி, ஒரு விருந்தினர் பேச்சு, ஓவியப் போட்டி, பரிசு. நானும் பல வருடம் இதைத்தான் செய்தேன். ஒரு வருடம் பேரணி முடிந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். “சார், புகையிலை போட்டா செத்துருவாங்கன்னு சொன்னீங்க. எங்க தாத்தா எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து போடுறாரு. இன்னும் வயலுக்குப் போறாரு” என்றான். குறும்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே குழப்பம். நான் ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பினேன். அவன் கையில் இருந்த அட்டையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்தத் தொடங்கினேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் புதிதாகப் போகிற ஆசிரியர்கள், தன்னார்வலர்கள், நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு பிரிவேளை, மொத்தம் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருவதில் பயன் இல்லை. அது விருந்தினர் பேச்சின் நீளமான வடிவம், அவ்வளவுதான்.

வகுப்புக்கு முன்: ஊரைச் சுற்றிப் பாருங்கள்

பாடத்தைத் தயாரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் மாலை பள்ளி விடும் நேரத்தில் வெளியே நில்லுங்கள். எந்தப் பெட்டிக்கடையில் பையன்கள் கூடுகிறார்கள், எந்தக் கடையில் தின்பண்டம் வாங்காமலேயே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயது ஆகாதவருக்கு எந்த இடத்திலும் விற்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். அந்த 91 மீட்டரை நீங்களே நடந்து பாருங்கள். பல ஊர்களில் நான்கைந்து கடைகள் அதற்குள்ளேயே இருக்கும்.

அடுத்து கழிவறைக்குப் பின்புறச் சுவர் ஓரம். சின்னச் சின்னக் காலிப் பொட்டலங்கள் கிடந்தால் உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியைத் துப்புரவுப் பணியாளரிடமும் சத்துணவுக் கூடத்து அக்காவிடமும் கேளுங்கள். தலைமையாசிரியருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வயதுப் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிறவை எங்கள் பக்கம் மூன்று. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப், ஹான்ஸ் வகைப் புகையிலை முதலாவது. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டார்கள். கேட்கத் தெரிந்தவனுக்குக் கடையில் இன்றும் கிடைக்கிறது. இரண்டாவது, வீட்டு விசேஷங்களில் பெரியவர்கள் குடித்து மிச்சம் வைக்கும் பீர். மூன்றாவதைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. பஞ்சர் ஒட்டும் பசை, வைட்னர் போன்ற முகரும் பொருள்கள். 2019-ல் வெளிவந்த எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை இதுதான்: பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.17 விழுக்காடு. கஞ்சாவைப் பற்றிச் செய்தித்தாள் நிறைய பேசும். உங்கள் வகுப்புக்கு அது பெரும்பாலும் ஒரு அண்ணன் வழியாகத்தான் வரும்.

இந்த மூன்றையும் தெரிந்துகொள்வது உங்களுக்காக, வகுப்பில் பட்டியல் போடுவதற்காக அல்ல.

எதையெல்லாம் செய்யக் கூடாது

பொருள்களைக் கொண்டுவந்து காட்டாதீர்கள். எந்தக் கடையில் கிடைக்கும், எப்படிப் பயன்படுத்துவார்கள், என்ன மாதிரி மயக்கம் வரும் என்று விளக்காதீர்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் முப்பத்தைந்து பேருக்கு அதுவரை தெரியாத ஒன்றை நாமே அறிமுகம் செய்துவைத்ததாக ஆகும்.

திருந்தியவர் ஒருவரை அழைத்துக் கதை சொல்ல வைப்பதும் வேண்டாம். பெரியவர்கள் கூட்டத்துக்கு அது பொருந்தும். பன்னிரண்டு வயதுக்காரன் அந்தக் கதையில் கேட்டுக்கொள்வது வேறு: இந்த அண்ணன் எல்லாம் பண்ணிட்டு இப்ப நல்லாத்தானே மைக் பிடிச்சுப் பேசுறாரு!

மிரட்டலும் அப்படித்தான். அழுகிய நுரையீரல் படம் பார்த்த அன்று வகுப்பு கப்சிப்பென்று இருக்கும். நமக்கும் பாடம் எடுபட்டுவிட்ட மாதிரி தோன்றும். மறுநாள் மாமா சிகரெட் பற்றவைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவதைப் பார்த்ததும் அந்தப் படம் பொய்யாகிவிடும். படத்தோடு சேர்ந்து நீங்களும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ‘டேர்’ என்ற திட்டம் தொடங்கியது. சீருடையில் போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து பாடம் எடுப்பார். அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகன் ‘வேண்டாம் என்று சொல்லிவிடு, போதும்’ என்று நாடு முழுக்கப் பிரச்சாரம் செய்த காலம் அது. பெற்றோர், போலீஸ், அரசியல்வாதி எல்லோருக்கும் திட்டம் பிடித்திருந்தது. 1990-களில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல் என்றார்கள். அதைப் பிள்ளைகள் வாயைத் திறந்து பழகிப் பார்க்கக் கிடைத்த நேரம் குறைவு.

நம் பிள்ளைகளுக்கும் கெடுதல் என்பது தெரியும். தெரியாமல் யாரும் எடுப்பதில்லை. பந்தல் மறைவில் சித்தப்பா மகன் டம்ளரை நீட்டும் அந்த மூன்று வினாடியில் என்ன சொல்வது என்பதுதான் தெரியாது. பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி, அந்தப் பதில் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். இந்த ஆறு வாரத்தில் இரண்டை அதற்கே ஒதுக்குங்கள்.

முதல் வாரம்: பெட்டி

ஒரு செருப்பு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு எடுத்துப் போங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள் கொடுங்கள். போதை, குடி, புகையிலை பற்றி என்ன கேட்க வேண்டுமோ எழுதலாம், பெயர் வேண்டாம். கேள்வி இல்லாதவர்கள் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போட வேண்டும். இது முக்கியம். இல்லாவிட்டால் எழுதுகிறவன் யார் என்று பக்கத்துப் பெஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டு விதிகள். ஒன்று, வீட்டுக் கதையை வகுப்பில் பெயரோடு சொல்லக் கூடாது. ‘எனக்குத் தெரிந்த ஒருவர்’ என்று சொல்லலாம். இரண்டு, என்னிடம் தனியாகச் சொல்வதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லித்தான் தீருவேன். இந்த இரண்டாவதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால் அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள். உடனே பதில் சொல்ல முயன்று நான் உளறியிருக்கிறேன்.

தாத்தா கேள்வி எல்லா வருடமும் வரும். இப்போது நான் சொல்லும் பதில் இது: “எல்லாருக்கும் அப்படி ஆகாது. விடாமல் பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேர் வரைக்கும் அதனாலேயே சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்தப் பாதியில் நாம் இருப்போம் என்று முதலில் தெரியாது. உன் தாத்தாவிடம் ஒன்று கேட்டுட்டு வா. எத்தனை தடவை விடணும்னு நினைச்சாருன்னு.” ஒரு பெண் மறுவாரம் வந்து சொன்னாள்: “ஆயா செத்தப்ப விட்டாராம் சார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் திரும்பப் போட்டுட்டாராம். அதைச் சொல்றப்ப அழுதுட்டாரு.” அந்த வகுப்பில் அதற்கு மேல் நான் எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

2024-க்குப் பிறகு வரும் இன்னொரு கேள்வி: “கள்ளக்குறிச்சியில் சாராயம் குடிச்சுச் செத்தாங்களே, அப்ப டாஸ்மாக் சரக்கு நல்லதா சார்?” நியாயமான கேள்வி. மழுப்பாதீர்கள். அந்த ஜூன் மாதம் அங்கே 60 பேருக்கும் மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். அது கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். கடையில் விற்பது எத்தனால், அது வேறு. உடனே கொல்லாததெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது; 21 வயது ஆகாதவருக்கு அந்தக் கடையிலும் விற்கக் கூடாது. இவ்வளவு போதும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் ‘விசாரித்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லுங்கள். கௌரவம் ஒன்றும் குறையாது.

இரண்டாம் வாரம்: ‘எல்லாரும் பண்றாங்க’

எட்டாம் வகுப்புப் பையனிடம் கேட்டால், தன்னைத் தவிர எல்லோரும் ஒரு தடவையாவது பீர் குடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். குடித்தவன் பத்துப் பேரிடம் சொல்கிறான். குடிக்காதவன் ‘நான் குடிக்கவில்லை’ என்று யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. கணக்கு தப்பாகிவிடுகிறது.

கரும்பலகையில் பத்துக்குப் பத்து, நூறு புள்ளி வையுங்கள், கோலத்துக்கு வைப்பது போல. ‘இந்தியாவில் 10 முதல் 17 வயதுள்ள நூறு பேர் இவர்கள். போன ஒரு வருடத்தில் எத்தனை பேர் மது குடித்திருப்பார்கள்? தாளில் எழுதுங்கள்’ என்று கேளுங்கள். 30, 50 என்று எழுதுவார்கள். ஒருமுறை 90 என்றும் வந்தது. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போடுங்கள். அந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பில் வந்த எண் 1.3. வகுப்பு நம்பாது. நம்பாமல் வாதாடட்டும், நல்லதுதான். புகையிலைக்கும் இதே மாதிரி செய்யலாம். 2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 13 முதல் 15 வயது மாணவர்களில் பயன்படுத்துகிறவர்கள் 8.5 விழுக்காடு. மீதி 91 புள்ளிக்கு மேல் அப்படியே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. இவை நாடு முழுவதற்குமான சராசரி. உங்கள் ஊரில், உங்கள் தெருவில் நிலைமை மோசமாக இருக்கலாம். ‘சரி, நம் வகுப்பில் எத்தனை பேர்?’ என்று கையைத் தூக்கச் சொல்லும் ஆசை வரும். செய்யாதீர்கள். பொய்யும் வரும், வீரமும் வரும், பிறகு அந்தப் பெயர்கள் ஆசிரியர் அறைக்கும் போகும்.

மூன்றாம் வாரம்: உடம்பு, சுருக்கமாக

இதற்கு ஒரு வாரம் போதும். அறிவியல் ஆசிரியர்கள் இதையே ஆறு வாரமும் எடுப்பார்கள், அதுதான் அவர்களுக்கு வசதி.

முப்பது வருடம் கழித்து வரும் புற்றுநோய் பன்னிரண்டு வயதுக்குக் கண்ணில் படாது. கிட்டத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். எல்லோரையும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, செங்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை கழுவிவிட்டுத்தான். அநேகமாக எல்லோருக்கும் நுழையும், சிரிப்பும் கிளம்பும். பாக்கும் குட்காவும் தொடர்ந்து போட்டால் கன்னத்தின் உள்தோல் நார் போல இறுகி, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். மூன்று விரல் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட முடியாது என்று சொன்னபோது என் வகுப்பு சட்டென்று அமைதியானது. புற்றுநோய் என்று சொன்னபோது அப்படி ஆகவில்லை.

முகரும் பொருள்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி, பொருளின் பெயரையோ முறையையோ விளக்காமல்: மூளைக்கும் இதயத்துக்கும் நேரே போகும் ஆவி அது, முதல் தடவையிலேயே இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. உங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் இதையும் விட்டுவிடலாம்.

நான்காம், ஐந்தாம் வாரம்: வாய்க்குப் பழக்கம்

இதுதான் பாடம். முதலில் ‘யார் கொடுப்பார்கள்?’ என்று கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட வில்லன் என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் உண்மை வரும். பெரியம்மா பையன், கபடி அணியில் சேர்த்துக்கொண்ட அண்ணன், திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்து வந்திருக்கும் மாமா, பக்கத்துப் பெஞ்சு நண்பன். எல்லோரும் பிடித்தவர்கள். வேண்டாம் என்று சொன்னால் உறவு போய்விடுமோ என்று பயப்பட வைக்கிறவர்கள். அதனால்தான் ‘தைரியமாக மறுத்துவிடு’ என்பது வெற்று வார்த்தை.

அமெரிக்காவில் அரிசோனா பக்கம் பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டு உருவாக்கிய ஒரு பாடத்திட்டத்தில் நான்கு வழிகள் சொல்கிறார்கள்: மறுப்பது, காரணம் சொல்வது, அந்தச் சூழலுக்கே போகாமல் தவிர்ப்பது, கிளம்பிவிடுவது. நம் ஊருக்கும் இவை பொருந்தும். வார்த்தைகளை மட்டும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாமாவிடம் பேசுவது போல நண்பனிடம் பேச முடியாது, நண்பனிடம் சொல்வதை மாமாவிடம் சொன்னால் அறை விழும்.

வகுப்பில் நடத்தும்போது கொடுப்பவராக எப்போதும் நீங்கள்தான் நடிக்க வேண்டும். இந்தத் தவறை நான் செய்தேன். வகுப்பிலேயே வாயாடியான பையனைக் கொடுப்பவனாக நிறுத்தினேன். அவன் அபாரமாக நடித்தான், கைதட்டல் முழுக்க அவனுக்கே. மறுத்தவன் அசடு வழிந்தான். அன்றைக்கு வகுப்பு கற்றுக்கொண்டது எப்படி வற்புறுத்துவது என்பதை.

ஒரு காட்சி. காதுகுத்து வீடு, மொட்டைமாடி. நான்தான் மாமா.

“என்னடா மாப்ளே, மீசை அரும்புது! வா, ஒரு மடக்கு அடி.”

“வேணாம் மாமா.”

“அட, பீர்தாண்டா. பார்லி தண்ணி மாதிரி.”

முதல் தடவை இங்கேயே எல்லோரும் நின்றுவிடுவார்கள். இரண்டாவது வற்புறுத்தலுக்குப் பதில் இருக்காது. நிறுத்தி வகுப்பையே கேளுங்கள். வந்தவற்றில் நன்றாக இருந்தவை: “கீழ பந்திக்குத் தண்ணி வைக்கச் சொன்னாங்க மாமா, அத்தை தேடும்.” “நாளைக்கு மேட்ச் இருக்கு மாமா.” “எனக்கு அந்த வாசனையே குமட்டும் மாமா, உங்க மேலயே வாந்தி எடுத்துருவேன்.” கடைசியாகச் சொன்னதுதான் ஓஹோவென்று போனது. பொய்க்காரணம் சொல்லலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையன் நாற்பது வயதுக்காரரிடமிருந்து தப்பிக்க ஒரு சின்னப் பொய் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீதி போதனை வகுப்பில் வேறு மாதிரி சொல்லிக்கொள்ளுங்கள்.

இன்னொரு காட்சி, சைக்கிள் நிறுத்தும் இடம். நான் நண்பன். பொட்டலத்தை நீட்டுகிறேன்.

“உதட்டுல வெச்சுக்க. ஒண்ணும் ஆகாது.”

“வேணாம்டா.”

“பயந்தாங்கொள்ளி.”

“ஆமாடா, பயந்தாங்கொள்ளிதான். டியூஷனுக்கு நேரமாச்சு, வர்றியா இல்லையா?”

பட்டப்பெயரை மறுத்துச் சண்டை போட்டால் பேச்சு நீளும். அதை ஒத்துக்கொண்டு நகர்ந்துவிட்டால் எதிரில் இருப்பவனுக்கு இழுக்கக் கயிறு இல்லை. இதைச் சொன்னது என் மாணவன் ஒருவன். நான் கற்றுக்கொடுத்தது அல்ல.

மூன்று மூன்று பேராக நிறுத்தி ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. நாற்பது பேருக்கு ஒரு பிரிவேளை பத்தாது, அதனால்தான் இரண்டு வாரம். குரல் மட்டும் போதாது, கால் நகர வேண்டும். ‘வேணாம்’ என்று சொல்லிக்கொண்டே அங்கேயே நிற்பவனிடம் நாலாவது தடவையும் நீட்டுவார்கள்.

பெண் பிள்ளைகளை இந்தப் பயிற்சியில் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள். ‘உங்களுக்கு இது எதற்கு’ என்ற நினைப்பு பல பள்ளிகளில் இருக்கிறது. அவர்களுக்கும் நீட்டப்படுகிறது. போதாததற்கு, அண்ணனைத் திருத்துவது, அப்பாவைத் திருத்துவது என்று வீட்டில் ஒரு காவல் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

கடைக்குப் போய் வாங்கிட்டு வா

ஐந்தாம் வாரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு வையுங்கள். பெட்டிச் சீட்டுகளில் அடிக்கடி வருவது இது: “அப்பா பீடி வாங்கிட்டு வரச் சொல்றாரு, என்ன பண்றது?” அப்பாவை எதிர்த்துப் பேசு என்று நாம் சொல்ல முடியாது. “கடைக்காரர் சின்னப் பசங்களுக்குக் குடுக்கக் கூடாதாம்பா, போலீஸ் பிடிக்குமாம்” என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தப்பு பெரியவர் மேல் என்பது பிள்ளைக்குப் புரிந்தால் பாதி பாரம் இறங்கும்.

இதைவிட ஆபத்தானது பொட்டலம் சுமப்பது. “இந்தக் கவரை அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா, 50 ரூபாய் தர்றேன்.” உள்ளே என்ன என்று தெரியாத எதையும் யாருக்காகவும் எடுத்துப் போகக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சிறுவர்களை இதற்குப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அடுத்த பிரிவிலேயே அதே தண்டனை இருக்கிறது.

ஆறாம் வாரம்: வீட்டில் குடி இருக்கும் பிள்ளை

உண்மையில் இதை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்திருக்க வேண்டும். நீங்கள் ‘குடிகாரன்’ என்று சொல்லும்போது வகுப்பில் சிலர் தலையைக் குனிவார்கள். அது அவர்கள் அப்பாவைச் சொன்ன சொல். அந்த அப்பாதான் காலையில் சைக்கிளில் கொண்டுவந்து விட்டவர். அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். ‘குடிப்பழக்கம் உள்ளவர்’ என்று சொல்லிப் பழகுங்கள். அது ஒரு நோய் என்றும், சிகிச்சை இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

பிறகு எல்லோருக்கும் பொதுவாக, யாரையும் பார்க்காமல், மூன்று விஷயம். வீட்டில் ஒருவர் குடிப்பதற்கு நீ காரணம் இல்லை, நீ முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அவர் குடித்திருப்பார். அவரை நிறுத்தவைப்பது உன் வேலை இல்லை. உன்னைப் பார்த்துக்கொள்வது உன்னால் முடியும்.

இந்த மூன்றாவதை எழுத வையுங்கள். சத்தம் போட்டு அடிக்க வந்தால் எந்த வீட்டுக்குப் போவாய்? பள்ளிப் புத்தகத்தை எங்கே வைப்பாய்? யாருடைய தொலைபேசி எண் மனப்பாடமாகத் தெரியும்? குழந்தைகளுக்கான 1098 எண்ணை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லட்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417-உம் இருக்கிறது. இரண்டும் இலவசம். எழுதிய தாளை வாங்கிப் படிக்காதீர்கள். மடித்து அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வகுப்புக்குப் பிறகு அரை மணி நேரம் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். யாராவது ஒருவர் நோட்டைக் கொடுக்கிற சாக்கில் வந்து நிற்பார். வந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள், அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள்.

பையில் பொட்டலம் கிடைத்தால்

ஒருநாள் கிடைக்கும். எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டுவது, முட்டி போட வைப்பது, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவது எல்லாம் பள்ளியின் கோபத்தைத் தீர்க்கும். பிள்ளையை நேராக அந்தக் கடைக்காரரிடமே கொண்டுபோய் விடும். அடிப்பது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டதும்கூட.

தனியாக அழையுங்கள். ‘ஏன் செய்தாய்’ என்று கேட்டால் தலை குனியும், பதில் வராது. ‘எப்போதிலிருந்து? யாரோடு இருக்கும்போது?’ என்று கேளுங்கள். ஒருமுறை ஆசைக்குப் போட்டுப் பார்த்தவனும், காலையில் எழுந்ததும் அது இல்லாமல் முடியாதவனும் ஒன்றல்ல. முதலாமவனுக்கு அந்தக் கூட்டத்தை மாற்றிவிட்டாலே போதும். விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லி மாலையில் மைதானத்தில் வேலை கொடுங்கள். இரண்டாமவனுக்கு மருத்துவ உதவி வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலும் பேசுவார்கள். பெற்றோரை அழைப்பதற்கு முன், வீட்டில் அடி விழுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள். விழும் என்றால் அம்மாவையோ பாட்டியையோ முதலில் அழையுங்கள்.

கடைக்காரரைப் பற்றிய புகாரைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள். பிள்ளை காட்டிக்கொடுத்ததாக வெளியே தெரியக் கூடாது. தனி ஆசிரியராகப் போய்ச் சண்டை போடவும் வேண்டாம், அதே வழியில்தான் தினமும் பேருந்துக்கு நடக்க வேண்டும்.

அப்புறம்

பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் புகையிலை வாங்காதீர்கள், விசேஷ வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்குக்கூட ஊற்றாதீர்கள். மூன்றாவதாக எதையாவது சேர்த்தால் இந்த இரண்டும் மறந்துவிடும்.

ஏழாம் வகுப்பில் நடத்தியதை எட்டாம் வகுப்பில் திரும்பத் தொட வேண்டும். நியூயார்க்கில் கில்பர்ட் போட்வின் உருவாக்கிய வாழ்க்கைத் திறன் பயிற்சி, இந்த வயதுக்கான பாடங்களில் நிறைய சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. அது முதல் வருடம் 15 வகுப்பு, அடுத்த வருடம் 10, மூன்றாம் வருடம் 5 என்று மூன்று வருடம் ஓடுகிறது. நமக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவேளையாவது கேட்டு வாங்குங்கள், இரண்டையும் நடிப்புப் பயிற்சிக்கே கொடுங்கள். இந்தத் தடவை மீசை உண்மையிலேயே அரும்பியிருக்கும். ஆகையால் மாமா இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் பேச வேண்டியிருக்கும்.

முதல் நாள் பையில் எடுத்துப் போக வேண்டியவை: செருப்பு டப்பா, ஒரே அளவில் வெட்டிய தாள் ஐம்பது, பென்சில் பத்து. யாரிடமாவது பென்சில் இருக்காது. வேறு நிற மையில் எழுதினால் யார் சீட்டு என்று தெரிந்துவிடும், அதனால் எல்லோரும் பென்சிலால் எழுதுவது நல்லது. விளையாட்டுப் பிரிவேளைக்கு அடுத்த மணியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.